தாயின் மார்பே வெப்பப் பெட்டி

அண்டாவிலுள்ள வெந்நீரைவிடத் தம்ளர் வெந்நீர் விரைவில் ஆறுகிறது. உருவம் சிறுத்தால், எடையை நோக்க மேற்பரப்பு மிகுதி. வெப்பம் வெளியேறுவது அதன் வழியேதான். குறைமாதக் குழந்தையின் இக்கட்டும் இதுவே, மாணவர்களே! தோலடிக் கொழுப்பும் குறைவு. உடல் குளிர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

1978-இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், டாக்டர் எட்கர் ரேய் குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி அணைத்துக் கட்டச் செய்தார், கங்காரு குட்டியைக் காப்பது போல. தாயின் உடல் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ்; மின்சாரம் நின்றாலும் ஆறாது. பாலும் அருகிலேயே!

நெடுங்காலம், குழந்தை சற்றுத் தேறிய பின்னரே இம்முறையைத் தொடங்கினர். பிறந்தவுடனே தொடங்கினால்? இந்தியா, கானா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் சோதித்த முடிவு 2021-இல் வெளிவந்தது. தேறியபின் அணைத்த பிரிவில் 28 நாளுக்குள் 100-க்கு ஏறத்தாழ 16 குழந்தைகள் இறந்தன. உடனே அணைத்த பிரிவில் 12. பலன் தெளிவானதும் சோதனையையே முன்கூட்டி நிறுத்திவிட்டனர்.