நாடகம் பார்க்கப் போறீங்களா? முதலில் வாசலைப் பாருங்க!

சென்னை சென்டிரல் ஸ்டேஷனில் இறங்கி ரிப்பன் கட்டிடம் பக்கம் நடந்தால், சிவப்பு நிறத்தில் கோபுரம் வைத்த ஒரு பழைய கட்டிடம் கண்ணில் படும். அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். ஆபீசுக்கு ஓடுகிற அவசரத்தில் அதை ஏறிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. அந்த மண்ணுக்குப் பின்னால் இருக்கும் சோகக் கதை தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

அந்த இடம் முன்பு பீப்பிள்ஸ் பார்க். 1886-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதி, புத்தாண்டுக்கு முதல் நாள், அங்கே வேடிக்கைத் திருவிழா. ஊரே திரண்டு வந்திருந்தது. திடீரென்று தீ! கட்டணம் வைத்து அடைத்திருந்த பகுதிக்குள் சிக்கியவர்கள் வெளியே வர முடியாமல் தவித்தார்கள். பெண்கள், குழந்தைகள் உள்பட நூற்றுக்கணக்கானோர் பலியானார்கள். சென்னை கண்ட கோர விபத்துகளில் அது ஒன்று.

அதே பூங்கா நிலத்தில் 1880-களில் எழுந்ததுதான் இந்த செங்கல் மண்டபம். வரைபடம் போட்டவர் சிஷோம். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார்.

தெருக்கூத்துக்கு கதவு ஏது?

நம்ம ஊர் கூத்துக்கு ஆதியில் கட்டிடமே கிடையாது. தெருமுனைதான் மேடை. தீவட்டி வெளிச்சத்தில் விடிய விடிய ஆட்டம். சுற்றி உட்கார்ந்து ஜனங்கள் பார்த்தார்கள். நெருப்பு பக்கத்திலேயே எரிந்தாலும் பயம் இல்லை. எந்தத் திசையிலும் எழுந்து ஓடலாமே!

கம்பெனி நாடகம் வந்தது. டிக்கெட் வந்தது. டிக்கெட் வந்ததும் அடைப்பும் வந்தது. மேலே கீற்று அல்லது தகரம், சுற்றி தட்டி, முன்னால் ஒரு வாசல். உள்ளே தரை, பெஞ்சு, நாற்காலி. மேடையில் எண்ணெய் வர்ணம் பூசிய படுதாக்கள். பக்கத்திலேயே விளக்குகள். டிக்கெட் வாங்காதவன் உள்ளே வரக்கூடாது என்று எதை அடைத்தார்களோ, டிக்கெட் வாங்கியவன் தப்பிக்க வேண்டிய வழியும் அதுதான். வம்பே அங்கேதான் ஆரம்பம்.

தொண்டைதான் மைக்!

கொட்டகை மாறியதும் நடிகனும் மாறினான். மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனும் காசு கொடுத்தவன்தானே? அவன் காதுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும். அதனால்தான் எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் அவ்வளவு உச்சத்தில் பாடினார்கள். மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தையும் தாண்டிப் பாட வேண்டும். கிட்டப்பா 1933-ல் காலமானபோது வயது 27தான்.

விக்டோரியா ஹாலில் கதை வேறு. வக்கீல் பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தொடங்கிய சுகுண விலாச சபா இங்கே நாடகம் போட்டது. படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் வேஷம் கட்டினார்கள். சுவர் இருந்ததால் தெரு இரைச்சல் குறைந்தது. சாதாரணமாகப் பேசுகிற வசனத்துக்கும் மரியாதை வந்தது. விடிய விடிய நடந்த நாடகம் சில மணி நேரத்துக்குள் சுருங்கியது.

ஆனால், செங்கல் சுவர் இருந்தால் மட்டும் உயிருக்கு உத்தரவாதமா? இல்லை என்று காட்டியது சிகாகோ.

"தீப்பிடிக்காத" தியேட்டர்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் இராக்வா என்ற நாடக அரங்கம். 1903 நவம்பரில் திறந்தார்கள். "தீயே பிடிக்காது" என்று விளம்பரம் வேறு. டிசம்பர் 30-ந்தேதி பகல் காட்சி. பள்ளிக்கூட லீவு என்பதால் கூட்டத்தில் பெரும்பாலும் தாய்மார்களும் பிள்ளைகளும்.

மேடை விளக்கில் கிளம்பிய தீப்பொறி ஒரு திரையில் பற்றியது. காமெடி நடிகர் எட்டி ஃபாய் வேஷத்தோடு மேடை முன்னால் வந்து நின்று, "பதறாதீர்கள்" என்று கூட்டத்தைக் கெஞ்சினார். தீயைத் தடுக்கும் கல்நார்த் திரையை இறக்கினார்கள். அது பாதியிலேயே சிக்கிக்கொண்டது. நடிகர்கள் தப்பிக்க மேடைப் பின்கதவைத் திறந்தார்கள். குபீரென்று காற்று புகுந்தது. மேடைக்கு மேலே புகை போக வைத்த வழி அடைபட்டுக் கிடந்தது. மேலே போக வேண்டிய நெருப்பு ஜனங்கள் மேலே பாய்ந்தது.

மாடி டிக்கெட்காரர்கள் கீழே இறங்கி நல்ல சீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது என்று இரும்பு கேட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். சில கதவுகள் உள்பக்கம் திறப்பவை. முன்னால் நின்றவர் இழுத்துத் திறக்க வேண்டும். பின்னால் வந்த கூட்டம் நெருக்கினால் இழுப்பது எப்படி? பலியானவர்கள் 602 பேர்! கட்டிடம் என்னவோ பெரிய சேதமில்லாமல் நின்றது.

அந்தக் காட்சிக்குப் போவதாக இருந்து தப்பியவர் கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச் சாமான் வியாபாரி. மனசு கேட்கவில்லை. கூட்டாளிகளுடன் சேர்ந்து ஒரு கருவி செய்ய வைத்தார். உடம்பால் மோதினாலே திறந்துகொள்ளும் குறுக்குக் கம்பி அது. இன்று பெரிய தியேட்டர்களின் அவசர வழிகளில் நாம் பார்க்கும் கம்பி அதுவே.

நம்ம நாட்டிலும்...

எங்கேயோ அமெரிக்காவில் நடந்தது என்று இருந்துவிட முடியாது. டெல்லி உப்கார் தியேட்டரில் 1997 ஜூன் 13-ந்தேதி தீ. 59 பேர் பலி. அது நாடகம் அல்ல, சினிமா. ஆனால் கதை ஒன்றுதான். பால்கனியில் ஒரு நடைவழியை அடைத்து கூடுதல் சீட் போட்டிருந்தார்கள்.

சென்னை மாகாணத்தில் பொதுமக்கள் கூடும் இடங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற சட்டம் 1888-லேயே வந்துவிட்டது. பூங்கா தீ நடந்து இரண்டே வருஷத்தில்! சட்டம் பழசு. நம்ம பழக்கமும் பழசு.

"சார், ஹவுஸ்ஃபுல்லா? ஓரமா ஒரு சேர் போட்டுக் கொடுங்க சார்" என்று கேட்காத ரசிகர் யார்? போட்டுக் கொடுக்காத சபாக்காரர்தான் எத்தனை பேர்? அந்த ஓரம்தான் நடைவழி. ஒரு நாற்காலி பத்தாகும். பத்து பேர் வழியை மறித்தால் ஐநூறு பேருக்கு ஆபத்து.

அடுத்த தடவை நாடகத்துக்கோ, கச்சேரிக்கோ குடும்பத்தோடு போகும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். வந்த வாசல் தவிர வேறு வாசல் எங்கே? அது பூட்டியிருக்கிறதா? அதுவரை நடந்துபோக வழி இருக்கிறதா?

பூட்டு தொங்கினால் சும்மா இருக்காதீர்கள். "கதவைத் திறந்து வைங்க சார்" என்று கேளுங்கள். முறைத்தால் முறைக்கட்டும். அப்புறம் நிம்மதியாக உட்கார்ந்து கைதட்டலாம்.