கிளை அலுவலக வலையமைப்புகளை இணைத்தலில் சுரங்கவழியும் இயங்குநிலை வழிப்படுத்தலும்: திருவண்ணாமலை மாவட்டத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தலைமை அலுவலகமும் கிளை அலுவலகங்களும் வெவ்வேறு ஊர்களில் இருக்கும்போது, அவற்றின் கணினி வலையமைப்புகளைப் பொது இணையத்தின் வழியே ஒன்றாக இணைக்கச் சுரங்கவழி பயன்படுகிறது. அச்சுரங்கவழிகளுள் எது இயங்குகிறது, எது சிறந்தது என்பதைத் திசைவிகள் தாமே அறிந்துகொள்ள இயங்குநிலை வழிப்படுத்தல் துணைசெய்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து இயங்கும் முறையைத் திருவண்ணாமலை மாவட்டத்தின் நிருவாக அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. இணைப்பு அற்றுப்போவதைவிட, இணைப்பு இருப்பதுபோல் தோன்றியும் பணி நடவாமற்போவதே பெரிய இடர் என்பதும் இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சுரங்கவழி, உறையிடல், மறையாக்கம், திசைவி, இயங்குநிலை வழிப்படுத்தல், ஓஎஸ்பிஎஃப், திருவண்ணாமலை.

முன்னுரை

1989ஆம் ஆண்டு வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலை ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. இன்று இம்மாவட்டத்தில் 3 வருவாய்க் கோட்டங்களும் 12 வட்டங்களும் 18 ஊராட்சி ஒன்றியங்களும் உள்ளன. வந்தவாசி, செய்யாறு போன்ற சமவெளி வட்டங்களும், சவ்வாது மலைமேல் அமைந்த ஜமுனாமரத்தூர் வட்டமும் ஒரே ஆட்சியரகத்தின்கீழ் வருகின்றன. பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் முதலிய பணிகள் கணினிவழி நடைபெறுவதால், வட்டாட்சியர் அலுவலகத்தின் இணைப்பு அற்றால் அலுவலகம் திறந்திருந்தும் பணி நின்றுவிடுகிறது. மலைச் சிற்றூரிலிருந்து பேருந்தேறி வந்தவருக்கு அது ஒரு நாள் கூலியின் இழப்பாகும்.

அரசு அலுவலகங்களைத் தனி வலையமைப்பால் இணைக்கும் முயற்சி புதியதன்று. மாநிலப் பெரும்பரப்பு வலையமைப்புத் திட்டத்துக்கு இந்திய அரசு 2005 மார்ச்சில் ரூ. 3,334 கோடி மதிப்பீட்டில் ஒப்புதல் அளித்தது. மாநிலத் தலைநகர், மாவட்டத் தலைநகர், வட்டார நிலை என்னும் அடுக்குகளை, குறைந்தது நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இணைப்பது அதன் நோக்கம். தமிழகத்தில் இப்பணியை எல்காட் நிறுவனம் மேற்கொண்டது. பின்னர் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடியிழையால் இணைக்கும் பாரத்நெட் பணி தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்புக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இணைப்புகள் பெருகப் பெருக, அவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்னும் வினா முதன்மை பெறுகிறது. பின்வரும் அமைப்பு நடைமுறையில் உள்ள எந்த வலையமைப்பின் வரைபடமும் அன்று. மாவட்டத்தின் நிருவாகப் புவியியலைக் கொண்டு வரையப்பட்ட விளக்க மாதிரியே ஆகும்.

1. தனிமுகவரியும் உறையிடலும்

ஓர் அலுவலகத்துக்குள் உள்ள கணினிகள் பெரும்பாலும் தனிமுகவரிகளையே கொண்டுள்ளன. 10, 172.16, 192.168 எனத் தொடங்கும் சில முகவரித் தொகுதிகள் இதற்கென 1996ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டன. இம்முகவரிகள் அலுவலகத்துக்குள் மட்டுமே பொருளுடையவை. பொது இணையத்தின் திசைவிகள் இவற்றை அறியமாட்டா. ஆகவே போளூரில் உள்ள ஒரு கணினி, ஆட்சியரகத்தில் உள்ள கணினியைத் தனிமுகவரியால் நேரே அழைக்க இயலாது.

அலுவலகத் தபால் முறையைக் கொண்டு இதன் தீர்வை விளக்கலாம். 'ஆ பிரிவு எழுத்தர்' என்று மட்டும் எழுதப்பட்ட ஒரு குறிப்பை அஞ்சல்காரர் கொண்டு சேர்க்க முடியாது. அதே குறிப்பை ஓர் உறையிலிட்டு, மேலே 'மாவட்ட ஆட்சியரகம், திருவண்ணாமலை' என எழுதினால் அது சேருமிடம் சேரும். அங்கே உறை பிரிக்கப்பட்டு, உள்ளிருக்கும் குறிப்பு உரிய பிரிவுக்குச் செல்லும். சுரங்கவழி செய்வதும் இதுவே. கிளையின் திசைவி, தனிமுகவரி தாங்கிய தரவுப் பொதியைப் பொதுமுகவரி தாங்கிய மற்றொரு பொதிக்குள் இடுகிறது. மறுமுனைத் திசைவி உறையை நீக்கி உள்ளிருப்பதை எடுக்கிறது. இடையில் எத்தனை நிறுவனங்களின் கருவிகள் இருப்பினும், இரு முனைகளுக்கும் இடையே ஒரே கம்பி இருப்பதாகவே உட்பொதிக்குத் தோன்றுகிறது.

2. 'சுரங்கவழி' என்னும் சொல்லும் அதனால் விளையும் மயக்கமும்

இச்சொல் வழக்கில் நிலைபெற்றுவிட்டமையால் இக்கட்டுரையும் அதனையே கையாள்கிறது. எனினும் சுரங்கம் என்றதும் மறைவும் பாதுகாப்பும் நினைவுக்கு வருகின்றன. அது பிழையான புரிதலுக்கு இடமளிக்கிறது. பரவலாகப் பயன்படும் ஜிஆர்இ என்னும் உறையிடல் முறை (1994இல் முதலில் வெளியிடப்பட்டு 2000இல் திருத்தப்பெற்றது) எதனையும் மறைப்பதில்லை. அதன் உறை கண்ணாடித்தாளால் ஆனது போன்றது. வழியில் நிற்பவர் உள்ளிருப்பதைப் படிக்கலாம். மறையாக்கம் வேண்டுமாயின் ஐபிசெக் போன்ற வேறொரு நெறிமுறையைச் சேர்த்தல் வேண்டும். 'உறைவழி' என வழங்கியிருந்தால் இம்மயக்கம் குறைந்திருக்கும். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் கருதத்தக்க செய்தி இது.

ஐபிசெக் மட்டுமே போதாதா என்னும் வினா எழலாம். இன்னமுகவரியிலிருந்து இன்னமுகவரிக்குச் செல்வதை மட்டும் மறையாக்குக எனக் கொள்கைவழி அமைக்கப்படும் ஐபிசெக், குழுப்பரப்பல் பொதிகளை இயல்பாகச் சுமப்பதில்லை. ஆனால் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையில் திசைவிகள் ஒன்றையொன்று அறிந்துகொள்வது 224.0.0.5 என்னும் குழுமுகவரி வழியாகவே ஆகும். எனவே குழுப்பரப்பலைச் சுமக்கவல்ல ஜிஆர்இ உறையை உள்ளேயும், மறையாக்கும் ஐபிசெக்கை வெளியேயும் வைக்கும் இரட்டை அமைப்பு நெடுங்காலமாக வழக்கிலுள்ளது.

3. எத்தனை சுரங்கவழிகள்?

ஆட்சியரகம், 12 வட்டாட்சியர் அலுவலகங்கள், 18 ஒன்றிய அலுவலகங்கள் என 31 முனைகளைக் கொள்வோம். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேரே இணைத்தால் 31 × 30 ÷ 2 = 465 சுரங்கவழிகள் வேண்டும். ஆட்சியரகத்தை மையமாகக் கொண்டு ஆரங்களாக இணைத்தால் 30 போதும். தரவின் போக்கு பெரும்பாலும் கிளைக்கும் மையத்துக்கும் இடையிலேயே அமைவதால் ஆர அமைப்பே பொருந்துவதாகும்.

ஆனால் மையம் ஒன்றேயாயின் அது வீழ்ந்தால் அனைத்தும் வீழும். எனவே வேறோர் ஊரில், எடுத்துக்காட்டாகச் சென்னையில், இரண்டாம் மையம் ஒன்றை வைத்து ஒவ்வொரு கிளையிலிருந்தும் இரு சுரங்கவழிகள் அமைத்தால் 60 சுரங்கவழிகளும், இரு மையங்களை இணைக்கும் ஒன்றுமாக 61 ஆகும். இந்த எண்ணிக்கையில்தான் வழிகளைக் கையால் எழுதிவைக்கும் முறை தளர்கிறது.

4. நிலைத்த வழியும் இயங்குநிலை வழியும்

கார்த்திகைத் தீபத்தின்போது திருவண்ணாமலை நகருக்குள் பேருந்துகள் வழக்கம்போல் செல்வதில்லை. ஊருக்கு வெளியே சாலைதோறும் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. அந்நாளில் பழைய வழிப்பலகையை மட்டும் நம்பிச் செல்பவர் அடைபட்ட சாலையில் நிற்பார். நிலைத்த வழி அந்தப் பலகையைப் போன்றது. வலையமைப்பாளர் எழுதிவைத்ததை அது மாறாமல் சொல்லும். சுரங்கவழியில் இக்குறை மேலும் கடுமையானது. உண்மைக் கம்பி அறுந்தால் திசைவியின் முகப்பு உடனே செயலிழந்ததாகக் காட்டும். சுரங்கவழியோ கற்பனை முகப்பு. இடைவழி எங்கோ அறுந்திருந்தும், வேறு சோதனை அமைக்கப்படாவிடில், அது இயங்குவதாகவே காட்டக்கூடும். திசைவி தொடர்ந்து பொதிகளை அதனுள் இட, அவை எங்கும் சேராமல் மறையும்.

1998இல் வரையறுக்கப்பெற்ற ஓஎஸ்பிஎஃப் இரண்டாம் பதிப்பில், அண்டைத் திசைவிகள் குறித்த இடைவெளியில் ஒன்றுக்கொன்று வணக்கச்செய்தி அனுப்புகின்றன. இவ்வகை இணைப்புகளில் வழக்கமான அமைப்பு 10 நொடிக்கு ஒருமுறை. 40 நொடி வரை செய்தி வாராவிடில் அண்டைத்திசைவி இல்லையெனக் கொள்ளப்படும். இச்செய்தி சுரங்கவழிக்குள்ளேயே செல்வதால் அதன் உண்மை நிலையை அது சோதிக்கிறது. ஒவ்வொரு திசைவியும் தன் இணைப்புகளின் நிலையை மற்றவற்றுக்கு அறிவிக்க, எல்லாத் திசைவிகளும் ஒரே வரைபடத்தைப் பெறுகின்றன. பின்பு டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட குறுகியவழிக் கணக்கீட்டின்படி ஒவ்வொன்றும் தனக்குரிய வழியைக் கணிக்கிறது.

40 நொடி மிகுதியெனத் தோன்றி அதனைப் பெரிதும் குறைக்க முற்படுவோர் உண்டு. மலைப்பகுதியின் கைப்பேசிவழி இணைப்பில் சில நொடித் தடங்கல் இயல்பு. காலவரையறையை மிகக் குறைத்தால் அண்டை உறவு அடிக்கடி முறிந்து மீண்டும் உருவாகும், அந்நிலையின்மையே பெருந்தடையாகிவிடும். இணைப்பின் இயல்புக்கேற்பக் காலத்தை வகுப்பதே முறை.

5. செலவு மதிப்பும் இருமுனை ஒப்புமையும்

இரு சுரங்கவழிகள் இருக்கையில் எதனை விரும்புவது என்பதைச் செலவு மதிப்பு முடிவுசெய்கிறது. கண்ணாடியிழை மேல் செல்லும் சுரங்கவழிக்கு 10, கைப்பேசி இணைப்பின் மேல் செல்வதற்கு 100 எனக் கொண்டால் முன்னது இருக்கும்வரை அதுவே தேரப்படும். இம்மதிப்பைத் தானே கணிக்குமாறு திசைவியிடம் விட்டுவிடுதல் கூடாது. சுரங்கமுகப்புக்குக் கருவி இடும் இயல்பு வேகம் உண்மை இணைப்பின் வேகத்தோடு தொடர்பற்றது. ஆகவே இரு சுரங்கவழிகளும் ஒரே மதிப்பைப் பெற்றுவிடக்கூடும்.

செலவு என்பது வெளிச்செல்லும் முகப்புக்கு உரியது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. கிளையில் மட்டும் மதிப்பை மாற்றி, மையத்தில் மாற்றாவிடில், கேள்வி ஒரு வழியிலும் விடை மற்றொரு வழியிலும் செல்லும். இரு திசைகளையும் பார்த்தே அனுமதிக்கும் தீச்சுவர்கள் அவ்விடையைத் தடுத்துவிடும். எனவே இரு முனைகளிலும் ஒத்த மதிப்பு வேண்டும்.

6. மூன்று இடர்கள்

முதலாவது, சுரங்கவழி தன்னைத்தானே விழுங்குதல். சுரங்கவழியின் மறுமுனைப் பொதுமுகவரிக்குச் செல்லும் வழி, இயங்குநிலை வழிப்படுத்தலால் அச்சுரங்கவழிக்குள்ளேயே இருப்பதாகக் கற்பிக்கப்பட்டால், உறையிடப்பட்ட பொதி மீண்டும் அதே உறைக்குள் நுழைய முயலும். சுரங்கவழி வீழும், வீழ்ந்ததும் கற்பித்த வழி நீங்கும், சுரங்கவழி மீளும், மீண்டும் வீழும். வெளிமுகவரிகளை உள்வழிப்படுத்தலில் அறிவியாதிருத்தலும், அவற்றுக்குத் தனி வழியட்டவணை வைத்தலும் இதற்குத் தீர்வு.

இரண்டாவது, உறையின் எடை. ஈதர்நெட் பொதியின் உச்ச அளவு வழக்கமாக 1500 பைட். ஜிஆர்இ உறை 24 பைட் கொள்வதால் எஞ்சுவது 1476. மறையாக்கம் சேரும்போது மேலும் குறையும். பொதி பெரிதாக உள்ளது என்னும் எச்சரிக்கைச் செய்தியை இடையிலுள்ள தீச்சுவர் தடுத்துவிட்டால், அனுப்பிய கணினிக்கு எதுவும் தெரியாது. அந்நிலையில் வணக்கச்செய்திகள் சிறியவையாதலால் தடையின்றிச் செல்லும். வழிப்படுத்தல் நலமெனக் காட்டும். உள்நுழைவுப் பக்கமும் திறக்கும். ஆயின் வருடிய ஆவணத்தைப் பதிவேற்ற முற்படும்போது திரை உறைந்து நிற்கும். கண்காணிப்புத் திரையில் பச்சை விளக்கும், முகப்பில் காத்திருக்கும் மக்களும் ஒருங்கே காணப்படும் நிலை இது. சுரங்கவழியின் உச்ச அளவை 1400 எனவும், டிசிபி கூற்றின் உச்ச அளவை 1360 எனவும் முன்னரே வரையறுத்தல் பரவலாகப் பின்பற்றப்படும் காப்பு.

மூன்றாவது, பொதுவான வீழ்ச்சி. இரு நிறுவனங்களிடமிருந்து பெற்ற இரு இணைப்புகளும் திண்டிவனம்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையோரம் ஒரே பள்ளத்தில் புதைந்திருந்தால், சாலைப்பணியில் ஒருசேர அறுபடும். அவ்வாறே திருவண்ணாமலை நகரில் மாற்றுவழியாகக் கைப்பேசி இணைப்பை வைத்தால், தீபத்திருநாளில் இலட்சக்கணக்கானோர் அதே கோபுரங்களைப் பகிர்வர். மாற்றுவழி மிகவும் தேவைப்படும் நாளிலேயே அது மெலிந்திருக்கும். வரைபடத்தில் இரண்டாகத் தோன்றுவன நிலத்தில் ஒன்றாக இருக்கலாம் என்பதை எந்த நெறிமுறையும் கண்டறிந்து சொல்லாது. அது களத்திற்குச் சென்று அறிய வேண்டியதாகும்.

முடிவுரை

உறையிடல் தொலைவை மறைக்கிறது. மறையாக்கம் பொருளை மறைக்கிறது. இயங்குநிலை வழிப்படுத்தல் மாற்றத்தை அறிந்து வழியைத் திருப்புகிறது. இம்மூன்றும் வெவ்வேறு பணிகள் என்பதைப் பிரித்தறிதலே முறையான வடிவமைப்பின் தொடக்கம். ஒன்றின் பணியை மற்றொன்று செய்யுமெனக் கருதுமிடத்தில் பிழை நுழைகிறது. ஓஎஸ்பிஎஃப் தெரிவிப்பது அண்டைத் திசைவி விடையளிக்கிறது என்பதை மட்டுமே; ஜமுனாமரத்தூரில் ஒரு சான்றிதழ் அச்சாகிறது என்பதை அன்று. எனவே கிளை வலையமைப்பின் நலத்தை அளப்போர், வணக்கச்செய்திகளோடு நில்லாமல், முழு அளவுப் பொதியைக் கிளையிலிருந்து அனுப்பிப் பார்த்தலும், முதல் வழியை வேண்டுமென்றே துண்டித்து மாற்றுவழியைச் சோதித்தலும் வேண்டும். அச்சோதனையைப் பணிநேரத்துக்கு வெளியே, தீபத்திருநாளுக்குப் பல வாரங்கள் முன்னரே செய்தல் நன்று.