‘கேஸ்’ என்ற போர்வைக்குள் இரண்டு நோய்கள்

இரவு ஒன்பது மணிக்கு மயிலாப்பூர் லஸ் முனைப் பக்கம் ஏதாவது ஒரு மருந்துக் கடை வாசலில் நின்று பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் இந்த வசனம் காதில் விழும்: “அண்ணே, வயித்துல கேஸ் மாதிரி இருக்கு. ஏதாவது மாத்திரை குடுங்க.” கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார். அமிலம் குறைக்கும் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கி, நாலு மாத்திரையைச் சின்னக் காகித உறையில் போட்டு நீட்டுவார்.

சென்னைத் தமிழில் ‘கேஸ்’ ஒரு பெரிய போர்வை. உப்புசம், முறுக்கிப் பிடிக்கும் வலி, காலையில் நாலு தடவை ஓடுவது, மூன்று நாள் போகாமல் இருப்பது எல்லாமே அதற்குள் அடக்கம். அந்தப் போர்வைக்குள் பெயரில் ஒரே ஓர் எழுத்து மட்டும் வேறுபடும் இரண்டு நோய்களும் படுத்திருக்கின்றன. ஒன்று ஆளைப் படுத்தி எடுக்கும், ஆனால் குடலைப் புண்ணாக்காது. மற்றது குடலையே அரிக்கும்.

பெயரில் தொடங்கும் குழப்பம்

ஐ.பி.எஸ். என்றதும் நமக்குக் காக்கிச் சட்டைதான் நினைவுக்கு வரும். மருத்துவர் அதே எழுத்துகளைச் சீட்டில் எழுதினால் ‘எரிச்சல் குடல் நோய்’ என்று பொருள். ஐ.பி.டி. என்று எழுதினால் ‘குடல் அழற்சி நோய்’.

முதல் நோயில் கொலனோஸ்கோப்பி செய்து பார்த்தால் குடல் சுவர் வழவழவென்று ஆரோக்கியமாகவே தெரியும். “ரிப்போர்ட் நார்மல், எல்லாம் மனசுதான்” என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அது அநியாயம். குடலுக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் மூளைக்கும் இடையே ஓயாத பேச்சு நடக்கிறது. எரிச்சல் குடல் நோயாளிக்கு அந்தப் பேச்சு ஆடி மாத ஒலிபெருக்கி போல அலறும். மற்றவர் உணரவே உணராத வாயு நகர்வுகூட அவருக்கு வலி. சில சமயம் ஒரு கடுமையான வயிற்றுப்போக்கே இதைத் தொடக்கி வைக்கும். கனடாவின் வாக்கர்ட்டன் ஊரில் 2000 மே மாதம் குடிநீரில் கிருமி கலந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். கிருமி போன பிறகும் அவர்களில் பலருக்கு வருடக்கணக்கில் இந்த நோய் தங்கிவிட்டது. மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரின் வாடையை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடம் வைக்கும் சென்னைக்காரர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றாது.

இரண்டாவதில் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்குகிறது. அதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. பெருங்குடல் புண் அழற்சி மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேலே படரும், உட்சவ்வோடு நிற்கும். கிரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு திட்டு என்று விட்டுவிட்டு வந்து, குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் இறங்கும். 1932-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் கிரோனும் இரண்டு சகாக்களும் அதை விவரித்து எழுதினார்கள். பெயர் மட்டும் அவருக்கே நிலைத்துவிட்டது.

எது அதிகம்? இந்தியாவின் பல மையங்களில் நடந்து 2008-இல் வெளிவந்த ஆய்வு, நூறு பேரில் சுமார் நாலு பேருக்கு எரிச்சல் குடல் நோய் என்றது. 2003-இல் வெளிவந்த பஞ்சாப் ஆய்வில் பெருங்குடல் புண் அழற்சி லட்சத்துக்கு 44 பேருக்கு இருந்தது. வேறு வேறு இடத்துக் கணக்குகள். அப்படியே ஒட்ட வைக்கக் கூடாது. ஆனாலும் ஒன்று புரிகிறது: மருந்துக் கடைக்காரரின் குத்துமதிப்பு பெரும்பாலும் பலிக்கும். பலிக்காத அந்தச் சிலர்தான் வருடக்கணக்கில் தப்பான மாத்திரையோடு அலைகிறார்கள்.

ரத்தம் என்றால் மூலம்தானா?

அவர்கள் அலைய முதல் காரணம் இந்தக் கேள்விக்கு நாம் வைத்திருக்கும் பதில். மலத்தில் ரத்தம் தெரிந்தால் வீட்டில் உடனே “உடம்பு சூடு, மூலம்” என்று தீர்ப்பு வந்துவிடும். கருணைக்கிழங்கு வரும், மோர் வரும், யாரோ சொன்ன லேகியம் வரும். டாக்டரிடம் காட்டக் கூச்சம் என்பதால் அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

மூலத்தில் பொதுவாக மலம் கழிந்த பின் பளிச்சென்ற சிவப்பில் சொட்டும். புண் அழற்சியில் ரத்தம் சளியோடு கலந்து, ஒரே நாளில் பல முறை, இளகிய மலத்தோடு வரும். போய்விட்டு வந்தும் போகாத மாதிரியே இருக்கும். எரிச்சல் குடல் நோய் தன்னளவில் ரத்தம் வரவழைக்காது. எனவே ரத்தம் தெரிந்தால் ‘கேஸ்’ என்ற பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

தூக்கமும் ஒரு நல்ல சாட்சி. எரிச்சல் குடல் பெரும்பாலும் நோயாளியோடு சேர்ந்து தூங்கிவிடும். நள்ளிரவு இரண்டு மணிக்கு மலம் தட்டி எழுப்பினால், காரணமில்லாமல் எடை குறைந்தால், காய்ச்சலோ ரத்தசோகையோ சேர்ந்தால், 50 வயதை ஒட்டி முதன்முறையாகத் தொல்லை தொடங்கினால், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தால் மருத்துவர் குடலுக்குள் பார்த்தே ஆக வேண்டும். அழற்சி நோய் குடலோடு நிற்காமல் மூட்டு வலியாக, கண் சிவப்பாக, ஆறாத வாய்ப்புண்ணாகவும் தலைகாட்டும். ஒரே பவுத்திரத்துக்கு மூன்றாவது முறை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர், அதற்குப் பின்னால் கிரோன் இருக்கிறதா என்று சர்ஜனிடம் கேட்பது நல்லது.

டப்பாவில் ஒரு சாட்சியம்

எல்லோருக்கும் ஸ்கோப் தேவையில்லை. மல மாதிரியில் செய்யும் ‘கால்ப்ரொடெக்டின்’ சோதனை நிறைய வேலையைச் செய்துவிடும். அழற்சி உள்ள குடலில் வெள்ளையணுக்கள் வந்து குவியும். அவை உதிர்க்கும் புரதம் இது. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் கூடுதலாக இருந்தாலே ஐ.பி.டி. என்று முடிவு கட்ட முடியாது. தொற்றும் அதை ஏற்றும், முதுகு வலிக்கென்று தினமும் போடும் வலி மாத்திரையும் ஏற்றும்.

நம் ஊருக்கு மூன்றாவது ஆள் உண்டு

மேலைநாட்டு மருத்துவ நூல்கள் இரண்டு பேரை நிறுத்தி அடையாளம் காட்டினால், சென்னை மருத்துவருக்கு முன்னால் மூன்றாவதாகக் காசநோய் நிற்கும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வலது அடிவயிற்றில்தான் குடல் காசநோயும் கிரோனும் அதிகம் குடியேறும். ஸ்கோப்பில் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். தவறினால் ஆபத்து: கிரோனுக்குத் தரும் ஸ்டீராய்டு காசநோயைக் கிளப்பிவிடும். பயாப்ஸியும் தெளிவு தராதபோது, காசநோய் மருந்தைத் தொடங்கி இரண்டு மாதம் கழித்து மறுபடி ஸ்கோப் செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பது இங்கே நெடுநாள் வழக்கம்.

இந்த விஷயத்தில் சென்னைக்குத் தனி வரலாறே உண்டு. 1956-இல் தொடங்கிய சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம், நுரையீரலுக்கு மட்டுமல்லாமல் வயிற்றுக் காசநோய்க்கும் ஆறு மாதக் குறுகிய காலச் சிகிச்சை போதும் என்பதை 1997-இல் வெளியான ஆய்வில் காட்டியது.

பூண்டுக் குழம்பும் பிரதமரும்

எரிச்சல் குடலுக்குச் சாப்பாட்டில் கை வைத்தால் பலன் தெரியும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2005-இலிருந்து வளர்த்த முறையில், குடலில் புளித்து வாயு கிளப்பும் சில மாவுச்சத்துகளைச் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். அந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருப்பவை வெங்காயமும் பூண்டும். வாயுவுக்கு நல்லதென்று பாட்டி வைத்துக் கொடுக்கும் பூண்டுக் குழம்பே சிலருக்கு வினையாகிறது! பால் நிறைய ஊற்றிய ஃபில்டர் காபியும் சந்தேகப் பட்டியலில் உண்டு. இட்லியும் பூண்டு போடாத ரசம் சாதமும் பெரும்பாலும் தப்பித்துவிடும். இதோடு இசப்கோல், தசைப்பிடிப்புக்கு மெபெவெரின், சிலருக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின். மனநல மருந்தைக் கொடுத்துவிட்டாரே என்று கோபப்பட வேண்டாம்; அது குடலின் ஒலிபெருக்கியைக் குறைக்கத்தான்.

அழற்சி நோய்க்குப் பத்தியம் மட்டும் போதாது. மெசலமைன், அசாதயோபிரின், தேவைப்பட்டால் உயிரியல் மருந்து ஊசிகள் என்று சிகிச்சை நீளும். ஊசிகள் விலை கூடியவை; 2014 டிசம்பரில் ஒரு அகமதாபாத் நிறுவனம் அடலிமுமாப் ஊசியின் மாற்று வடிவத்தை உலகிலேயே முதலாவதாக வெளியிட்டபோதுதான் செலவு சற்று இறங்கத் தொடங்கியது. நன்றாக இருக்கிறதே என்று மருந்தை நிறுத்துவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அடங்கிய நோய் எப்போது வேண்டுமானாலும் மீண்டும் கிளம்பலாம். ஜப்பான் பிரதமராக இருந்த ஷின்சோ அபே புண் அழற்சியால் 2007-இல் பதவி விலகினார். புது மருந்து கை கொடுத்ததும் 2012-இல் திரும்பி வந்து, ஏறக்குறைய எட்டு ஆண்டு நாடாண்டார். 2020 ஆகஸ்டில் நோய் மீண்டும் கிளம்ப, மறுபடி விலகுவதாக அறிவித்தார். பெருங்குடலில் எட்டு ஆண்டுக்கு மேல் அழற்சி இருந்தால் புற்றுநோய்க்காக அவ்வப்போது ஸ்கோப் கண்காணிப்பும் வேண்டும். எரிச்சல் குடலுக்கு அந்தப் பயம் கிடையாது.

ரங்கநாதன் தெருவில் ஒரு கதவு

இரண்டு நோயாளிகளுக்கும் பொதுவான கவலை ஒன்று இருக்கிறது. அது எந்த ரிப்போர்ட்டிலும் வராது. அடையாறிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்கு அலுவலகப் பேருந்தில் போகிறவருக்கு வழியில் எந்த சிக்னல் எத்தனை நிமிடம் என்பது மனப்பாடம். தீபாவளி நெருங்கும்போது தி.நகருக்குத் துணி எடுக்கக் குடும்பமே கிளம்பும். அவர் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுவார். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் அவசரம் வந்தால் எங்கே போவது?

தி.நகர்க் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். நெற்றி வியர்த்து ஒருவர் வந்து தயங்கித் தயங்கி “பாத்ரூம் எங்கே?” என்று கேட்டால், “ஸ்டாஃப்புக்கு மட்டும்” என்று சொல்லாமல் அந்தக் கதவைத் திறந்துவிடுங்கள்.