பெட்டியைக் கெடுத்தது யாருங்க?

ஆபீஸில் எது தப்பாகப் போனாலும் நாங்கள் பழியைக் கம்ப்யூட்டர் மேல் போட்டுவிடுவோம். கணக்கு டேலி ஆகவில்லையா? சிஸ்டம் சரியில்லை. சம்பளப் பட்டியல் லேட்டா? சிஸ்டம் ஸ்லோ. பாவம், அதற்கு வாயா இருக்கிறது, திருப்பிக் கேட்க?

இந்த நல்ல பழக்கம் லாரி ஷெட் வரைக்கும் போயிருக்கிறது என்பது, என் மச்சினனின் லாரி நடுரோட்டில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, நாமக்கல்லில் ஒற்றை லாரி ஓனர். 2018 மாடல், பி.எஸ்.4 வண்டி. அந்த லாரிக் கடன் பத்திரத்தில் ஜாமீன்தாரர் என்ற இடத்தில் ஒரு அழகான கையெழுத்து இருக்கிறது. அடியேனுடையதுதான்! ஆகவே லாரி ஓடினால்தான் எனக்குத் தூக்கம்.

ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு போன்.

"மாமா... அவிநாசிகிட்ட வண்டி நின்னுபோச்சுங்க. பாலக்காட்டு முட்டை லோடுங்க."

"டீசல் இருக்கா மாப்ளே?" என்றேன். லாரியைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே கேள்வி அதுதான்.

அரைமணி கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. அடுத்த டிரிப்பிலும் அதே கதை. மூன்றாவது தடவை, லேட்டாக வந்ததற்காக வாடகையில் பிடித்தம். மச்சினன் டியூ தேதியை எண்ண ஆரம்பித்தான். நானும்தான்.

ஷெட்டில் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்த இளைஞர், "மூணு கோடு காட்டுதுங்க. ரயில் பிரஷர், ஆக்ஸிலரேட்டர் பெடல், டர்போ காத்தழுத்தம். மூணு சென்சாரும் ஒரே நேரத்துல போகுமா? ஈ.சி.யு. போச்சு. புதுசு போட்ரலாம்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். விலையைக் கேட்டேன். மூன்று மாத டியூ!

ஈ.சி.யு. என்றால் என்ன என்கிறீர்களா? என்ஜினின் மூளை. உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு அலுமினியப் பெட்டி. பழைய லாரிகளில் டீசலை அளந்து ஊற்றியது பம்பேதான். ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரியைக் கழற்றினாலும் ஓடும். இந்தக் காமன் ரயில் வண்டியில் அப்படியல்ல. லாரி டயரில் காற்று சுமார் 8 பார் அழுத்தம் என்றால், இதில் டீசல் நிற்பது ஆயிரம் பாருக்கும் மேலே! எந்த சிலிண்டருக்கு, எந்த நொடியில், எவ்வளவு என்பதைச் சென்சார்களைக் கேட்டுக் கேட்டு முடிவு செய்வது அந்தப் பெட்டி. அது தடுமாறினால் லாரி நின்றுவிடும்.

"எதுக்கும் எலக்ட்ரீசியன் அண்ணனைக் கூப்பிட்டுப் பார்க்கலாமுங்க" என்றான் மச்சினன். வந்தார். அறுபது வயது. கையில் ஒரு மீட்டர், ஒரு ஹெட்லைட் பல்பு. அவ்வளவுதான்.

"பெட்டியைக் கடைசியாச் சந்தேகப்படணுமுங்க. மொதல்ல அதுக்குச் சோறு போகுதான்னு பார்க்கோணும்" என்றார்.

சோறு என்றால் கரண்ட். பெட்டிக்கு வரும் ஒயரில் ஹெட்லைட் பல்பை மாட்டினார். "மீட்டர்ல பார்த்தாப் போதாதாண்ணே?" என்றேன். "ஒயர்ல ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாக்கூட மீட்டர் 24 வோல்ட்னு சொல்லிப்போடுமுங்க. பல்பு எரிஞ்சாத்தான் நெசம்." பல்பு பளிச்சென்று எரிந்தது. எர்த் பக்கமும் அப்படியே.

அடுத்தது 5 வோல்ட். பெட்டி தன்னிடமிருந்து சென்சார்களுக்கு 5 வோல்ட் அனுப்புகிறது. அந்த மூன்று சென்சாரும் ஒரே 5 வோல்ட் பாதையில் தொங்குகின்றன. அதில் ஒன்று ஷார்ட் ஆனாலும் மற்ற இரண்டும் பட்டினி. மூன்று கோடும் சேர்ந்து வருவதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். சென்சார் விலையோடு போயிருக்கும்!

நான் மனதுக்குள் முருகனை வேண்டிக்கொண்டேன்.

என்ஜினை ஓடவிட்டார். வெயிலில் ஒரு மணி நேரம். மீட்டரில் 5... 5... திடீரென்று 3. என்ஜின் நின்றது. சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். 3 அப்படியே. சென்சார்களுக்குப் போகும் ஒயரையே பெட்டியிலிருந்து பிரித்து, பெட்டியின் முனையில் நேராகப் பார்த்தார். அங்கேயும் 3.

பெட்டி ஆறியதும் மறுபடி 5!

"வீட்ல முடி காய வெக்கிற மெஷின் இருக்குங்களா?"

மச்சினன் மனைவியின் ஹேர் டிரையர் ஷெட்டுக்கு வந்தது. என்ஜினை ஓட்டாமல், சாவியை மட்டும் போட்டு, பெட்டிக்கு மட்டும் சூடு காட்டினார். பத்து நிமிஷத்தில் மீட்டர் கீழே விழுந்தது. "இப்பச் சொல்லலாமுங்க. பெட்டிதான்."

"சேலத்துல பழைய பெட்டி பாதி விலைக்குக் கிடைக்குதுங்களே?" என்றான் மச்சினன்.

"மேல பார்த்தா ஒரே மாதிரி இருக்கும் தம்பி. உள்ள வேற வண்டியோட ஜாதகம் எழுதியிருக்கும்."

புதுப் பெட்டியே வந்தது, எங்கள் சேஸிஸ் நம்பருக்கான டேட்டாவோடு. அதோடு முடியவில்லை. நான்கு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு கோடு பொறித்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு இம்மி வித்தியாசமாக டீசல் விடும். அந்தக் கணக்குதான் அது. சிலிண்டர் வரிசை மாறாமல் அதைப் புதுப் பெட்டியில் ஏற்ற வேண்டும். மாறினால் உதறல், புகை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, "இது எட்டா, பி-யா?" என்று கண்ணாடியை ஏற்றி இறக்கி எழுதிக் கொடுத்தது யார் தெரியுமா? இருபது வருஷ கிளார்க் அனுபவம் அன்றுதான் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது!

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுப் பழைய பெட்டியை எடுத்தார். புதியதை மாட்டப்போன மச்சினனைத் தடுத்தார்.

"இருங்க தம்பி. இதைக் கெடுத்தது யாருன்னு தெரியாம அதை மாட்டுனா, அதுவும் சாகும்."

டார்ச் அடித்துப் பார்த்தார். பெட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்க வேண்டிய நாலு ரப்பர் புஷ்ஷைக் காணோம்! போன வருஷம் பாடி கட்டும் இடத்தில் ஒரு பிராக்கெட் வெல்டிங் வைத்திருக்கிறார்கள். வெல்டிங் கரண்ட் பாயாமலிருக்கப் பெட்டியைக் கழற்றியது சரிதான். திரும்ப மாட்டும்போது புஷ்ஷை மறந்து இரும்போடு இரும்பாக முறுக்கிவிட்டார்கள். ஒரு வருஷ அதிர்ச்சியில் உள்ளே ஈயப் பற்று விட்டிருக்கிறது. சூடு ஏறினால் விலகும், ஆறினால் சேரும். அதனால்தான் அந்த அரைமணி நேர மர்மம்.

நாலு புஷ் விலை? டீயும் போண்டாவும் சாப்பிடும் காசு. அதை மிச்சம் பிடித்ததற்கு மூன்று மாத டியூ!

வண்டி அதற்குப் பிறகு நிற்கவில்லை. டியூவும் ஒழுங்காகப் போகிறது. நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

போன வாரம் ஆபீஸில், "சார், சிஸ்டம் போச்சு, புதுசு கேளுங்க" என்றார் பக்கத்து சீட்காரர். நான் பேசாமல் மேஜைக்கடியில் குனிந்து பார்த்தேன். பிளக் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பக்கத்தில், அவர் சாப்பாட்டுக் கேரியரை உள்ளே தள்ளி வைத்த தடம்!