கணக்கு வைக்கும் இன்ஹேலர்

ஆஸ்த்மா என்னும் இரைப்பு நோய்க்கு இன்ஹேலர் வழியாய்க் கொள்ளும் மருந்துகள் இருவகைப்படும். மூச்சுத் திணறும்போது சுவாசக் குழல்களை விரித்து உடனே சுகந் தருவது ஒன்று. அக்குழல்களின் அழற்சியை நாளடைவில் தணித்து, திணறல் வாராமற் காப்பது மற்றொன்று. பின்னதை மருத்துவர் விதித்தபடி தவறாது கொள்ளவேண்டும். ஆனால் அதன் பயன் உடனே புலப்படுவதன்று. ஆதலின் இரைப்பு நின்றவுடன் பலர் அதனை மறந்துவிடுகின்றனர். அழற்சியோ மறைவில் வளர்ந்து, ஒருநாள் உயிருக்கே உலை வைக்கவுங் கூடும்.

இக்குறையை நீக்கவே டிஜிடல் இன்ஹேலர் தோன்றிற்று. இன்ஹேலரிற் பொருத்திய சிறு கருவி, மருந்து செலுத்திய நாளையும் நேரத்தையும் பதிந்து கைபேசிக்கு அறிவிக்கும். வேளை வந்ததும் ஒலியெழுப்பி நினைவூட்டுவதும் உண்டு.

இதனாற் பயனுண்டோ? நியூஸீலாந்து தேசத்து ஆக்லந்து நகரில், இரைப்பு மிகுந்து அவசர சிகிச்சைக்கு வந்த 6 முதல் 15 வயது வரையுள்ள 220 பிள்ளைகளிடம் ஆறு மாதம் நடத்திய சோதனையின் முடிவு 2015-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எல்லோர்க்குங் கருவி பொருத்தினர்; ஒரு பகுதியார்க்கே நினைவூட்டும் ஒலி வைத்தனர். ஒலி கேட்டோர் நடுத்தர அளவில் நூற்றுக்கு 84 வேளை மருந்து கொண்டனர். கேளாதோர் 30 வேளையே. நோயின் துன்பமும் முன்னவர்க்கே மிகுதியாய்க் குறைந்தது. பள்ளிக்கு வாராத நாட்களில் வேற்றுமை காணப்படவில்லை.

மருத்துவர்க்கும் இக்கணக்கு உதவும். இரைப்புத் தணியாதபோது மருந்தின் அளவை ஏற்றுமுன், முன்பு கொடுத்ததை நோயாளர் கொண்டாரா என்று அறியலாமன்றோ? எனினும், மருந்து செலுத்தியதை எண்ணும் கருவி, அது நுரையீரலைச் சேர்ந்ததா என்பதைப் பெரும்பாலும் காட்டாது. மூச்சை முறையாய் இழுக்கக் கற்பிப்பது மருத்துவர் கடன். சுகமாயிருக்கும் நாளிலும் மருந்தை மறவாமை நோயாளர் கடன்.