துப்பாக்கிக்கு நகை போட்டால் குறி தப்பாதா?

மெரினாவில் பலூன் சுட்டிருக்கிறீர்களா? அந்த ஏர்கன்னைக் கையில் வாங்கியதும் நாம் செய்கிற முதல் காரியம், குறி தப்புவது. இரண்டாவது காரியம், துப்பாக்கியைக் குறை சொல்வது. "என்னங்க, முனை கோணலா இருக்கே?" என்று ஒருமுறை கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அதை வாங்கி வரிசையாக நாலு பலூனை உடைத்துக் காட்டினார். "கோணல்தான் சார். எவ்ளோ கோணல்னு தெரிஞ்சாப் போதும்" என்றார். பி.காம். படித்தவனுக்கு அதற்கு மேல் பதில் பேசத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இந்தக் குறை சொல்லும் கலை ஒரு பெரிய வியாபாரம். நம் நாட்டில் 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு வேட்டைக்காரர்களின் கதை முடிந்தது. அங்கே லைசென்ஸ் எடுத்து, சீசன் பார்த்து, சட்டப்படி மான் சுடலாம். பென்சில்வேனியா மாநிலத்தில் மான் சீசனை ஒட்டிப் பல பள்ளிக்கூடங்கள் லீவே விடும். நமக்குப் பொங்கல் மாதிரி. உடம்பில் 250 சதுர அங்குலத்துக்கு, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது அணிந்துகொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். மானுக்காக இல்லை, மற்ற வேட்டைக்காரர்களுக்காக!

இந்த ஊரில்தான் என் கல்லூரித் தோழன் ஒருவன் குடியேறிக் குடிமகனும் ஆகிவிட்டான். ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாம் நவம்பரானால் காட்டுக்குப் போவதைப் பார்த்து இவனும் ஒரு பழைய ரெமிங்டன் 700 வாங்கினான். 1962-ல் அறிமுகமான மாடல். நம்ம ஊர் அம்பாசடர் மாதிரி, எல்லாக் கடையிலும் உதிரிபாகம் கிடைக்கும் என்பதுதான் அதன் பெருமையும் ஆபத்தும். முதலில் ட்ரிகரை மாற்றினான். அப்புறம் பின்கட்டையை, அதாவது ஸ்டாக்கை. பிறகு கனமான புது பேரல். மெக்கானிக் கூலியோடு சேர்த்து ஆயிரம் டாலருக்கு மேல் போய்விட்டது. துப்பாக்கி வாங்கிய விலை அதைவிடக் குறைவு.

"டேய், இதெல்லாம் போட்டா நிஜமாவே குறி தப்பாதா?" என்று போனில் கேட்டேன்.

"போட்டோ அனுப்பறேன் பாரு" என்றான். அனுப்பினான். நூறு கஜ தூரத்தில் வைத்த அட்டையில் மூன்று ஓட்டைகள். மூன்றையும் ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம். அசந்துபோனேன். ஆனால் கணக்கு எழுதுகிறவன் புத்தி சும்மா இருக்குமா? "மத்த அட்டையெல்லாம் எங்கேடா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை.

விஷயமே அங்கேதான் இருக்கிறது.

துப்பாக்கிக்காரர்கள் துல்லியத்தை 'மினிட் ஆஃப் ஆங்கிள்' என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. நூறு கஜத்தில் அது ஏறக்குறைய ஓர் அங்குலம். மூன்று தோட்டாக்களைச் சுட்டு, மிகத் தள்ளிப்போன இரண்டு ஓட்டைகளின் தூரத்தை அளந்து, "என் துப்பாக்கி முக்கால் அங்குலத் துப்பாக்கி" என்று மார்தட்டுவார்கள். ஆனால் மூன்று தோட்டா என்பது மூன்று நாள் வியாபாரத்தைப் பார்த்துவிட்டு வருட லாபத்தைச் சொல்வது மாதிரி. ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே ஆள்... ஒருமுறை முக்கால் அங்குலம் வரும், அடுத்த முறை ஒன்றரை வரும். இரண்டுமே பொய்யில்லை. மூன்றுக்குப் பதில் ஐந்து சுட்டால் சிதறல் சராசரியாகக் கால் பங்கு கூடிவிடும். பத்து சுட்டால் ஒன்றரை மடங்கையும் தாண்டிவிடும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை. அதன் உண்மையான குணம் வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. மனிதன் எப்போது பாகத்தை மாற்றுகிறான்? மோசமாகச் சுட்ட நாளுக்கு மறுநாள். மோசமான நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் சுமாராகத்தான் இருக்கும், எதையும் மாற்றாவிட்டாலும்! காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது தாயத்துக் கட்டினால் தாயத்துக்குத்தான் பேர் வரும். ட்ரிகர் கம்பெனிக்கும் அப்படியே.

அதற்காகப் பாகங்களால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. எது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். சுடும்போது பேரல் வீணைத் தந்தி மாதிரி அதிர்கிறது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரே மாதிரி அதிர்ந்தால் கவலை இல்லை. மரக்கட்டை ஈரத்தில் உப்பிப் பேரலில் ஒரு பக்கம் உரசினால், இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. அதனால்தான் கட்டைக்கும் பேரலுக்கும் நடுவே ஒரு காகிதம் நுழைகிற அளவு இடைவெளி விடுகிறார்கள். இரும்புப் பகுதி கட்டையில் உட்காரும் இடத்தை எபாக்ஸி ஊற்றி ஆடாமல் பொருத்துகிறார்கள். இரண்டும் மலிவான வேலை, பலனும் உண்டு. கனமான பேரல் சூடேற நேரமாகும், அதிர்வும் குறையும். ஆனால் மான் வேட்டையில் சுடுவது பெரும்பாலும் ஒரே தோட்டா, அதுவும் குளிர்ந்த பேரலில். அந்தப் பேரலைச் சுமந்து மலை ஏறுகிறவனுக்குத்தான் சூடேறும்.

ட்ரிகர் கதை வேறு. ரைஃபிளை ஒரு வைஸில் இறுக்கிப் பிடித்துச் சுட்டால், ஐம்பது டாலர் ட்ரிகருக்கும் இருநூறு டாலர் ட்ரிகருக்கும் தோட்டா போய் விழும் இடத்தில் வித்தியாசம் இருக்காது. பேரலுக்கு ட்ரிகரைப் பற்றி என்ன கவலை! ஆனால் ஏழெட்டு பவுண்டு எடையுள்ள துப்பாக்கியின் விசையை இழுக்க ஆறு பவுண்டு அழுத்தம் வேண்டுமென்றால், இழுக்கிற இழுப்பிலேயே குழல் நகர்ந்துவிடும். மூன்று பவுண்டு ஆனால் நகர்வது குறையும். துப்பாக்கியில் மனிதன் தொடுகிற இடங்களில், அதாவது ட்ரிகர், தோளுக்குப் பொருந்தும் கட்டை, கண் வைக்கும் ஸ்கோப் ஆகியவற்றில் செலவழித்தால் ஏதோ கொஞ்சம் திரும்பி வருகிறது. மனிதன் தொடாத இடத்தில் கொட்டும் பணம் போட்டோவில் மட்டும்தான் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

ட்ரிகர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. விரல் படாமலே வெடித்தது என்று ரெமிங்டன் 700-ன் பழைய ட்ரிகர் மேல் வருடக்கணக்கில் வழக்குகள் நடந்தன. 2000-ல் மான்டனா மாநிலத்தில், தாய் சேஃப்டியை விடுவித்தபோது துப்பாக்கி வெடித்து ஒன்பது வயது மகன் இறந்துபோனான். பழைய அமைப்பில் குறை இல்லை என்றே கம்பெனி சாதித்தது. ஆனால் அதற்குப் பதிலாக வந்த எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகரை, உள்ளே பசை அதிகமாகச் சேர்ந்திருக்கலாம் என்று 2014 ஏப்ரலில் அதே கம்பெனி திரும்பப் பெற வேண்டியிருந்தது. தொழிற்சாலைக்காரனே தடுமாறுகிற இடம் இது. இதை வீட்டு மேஜையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து 'லேசாக்கி'க்கொள்கிறவர்களை நினைத்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். பிதாகரஸ் ஞாபகம் இருக்கிறதா? துப்பாக்கியின் தவறும் சுடுகிறவனின் தவறும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை. அதனால் அவற்றை நேராகக் கூட்டக் கூடாது. செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்களாக வைத்தால், கர்ணம்தான் மொத்தச் சிதறல்.

காட்டில் மரத்தில் சாய்ந்துகொண்டு, குளிரில் நடுங்கிச் சுடுகிறவன் நூறு கஜத்தில் 5 அங்குலம் சிதறுகிறான் என்று வையுங்கள். துப்பாக்கி 1.5 அங்குலம். மொத்தம் 5.22. இப்போது ஆயிரம் டாலர் செலவழித்துத் துப்பாக்கியை 0.75 ஆக்கியாயிற்று. மொத்தம்? 5.06. லாபம் நாலே மில்லிமீட்டர். ஒரு பச்சைப்பயறு அகலம்! அதே ஆள் துப்பாக்கியைத் தொடாமல், பழகிப் பழகித் தன் தவறை 5-லிருந்து 3 ஆக்கினால், மொத்தம் 3.35.

மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 8 அங்குல வட்டம். 5.22 ஆனாலும் 5.06 ஆனாலும் நூறு கஜத்தில் அதற்குள் அடங்கிவிடும். இருநூறு கஜத்தில் இரண்டுமே 10 அங்குலத்தைத் தாண்டி வெளியே போய்விடும். பேரல் இங்கே எதையும் காப்பாற்றவில்லை.

இதே கணக்கை மேஜை போட்டு, மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடுகிறவனுக்குப் போடுங்கள். அவன் தவறு அரை அங்குலம்தான். அவனுக்கு 1.58 என்பது 0.90 ஆகிறது. பெரிய லாபம்! போட்டிகளில் சுடுகிறவர்கள் பாகத்துக்காக உயிரை விடுவது நியாயம்தான். நம் அபினவ் பிந்த்ரா 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கிய பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில், நடுப்புள்ளியின் விட்டமே அரை மில்லிமீட்டர். அங்கே பயறு அகலம் என்பது மகா சமுத்திரம். மான் வேட்டைக்காரன் அந்த ஆட்டக்காரனின் செலவுக் கணக்கைத் தன் பேரேட்டில் எழுதிக்கொள்வதுதான் தகராறு.

அதுவும் இப்போது டிக்கா, வெதர்பி மாதிரி கம்பெனிகள் கடையில் வாங்கும் சாதாரணத் துப்பாக்கிக்கே, நல்ல தோட்டா போட்டால் ஓர் அங்குலத்துக்குள் என்று உத்தரவாதம் தருகின்றன. தோட்டா என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரே துப்பாக்கியில் நாலு கம்பெனித் தோட்டாவைப் போட்டுப் பார்த்தால் பேரல் மாற்றின அளவு வித்தியாசம் தெரியும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் திருகுகள் தளர்ந்திருந்தால் அதைவிடவும் தெரியும். காற்று? பக்கவாட்டில் மணிக்குப் பத்து மைல் காற்று அடித்தால் பாயின்ட் 308 தோட்டா முந்நூறு கஜத்தில் சுமார் 7 அங்குலம் ஒதுங்கிவிடும். காற்றுக்கு உதிரிபாகம் எந்தக் கடையிலும் இல்லை.

இதெல்லாம் வெறும் பணக் கணக்கு என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். குறி தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பயங்கரமான சாட்சி இருக்கிறது. 1907-ல் ஜிம் கார்பெட் சுட்டுக் கொன்ற சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது என்று பதிவு. செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது, வலது பக்கத்து மேல், கீழ்க் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. முன்பு யாரோ சுட்ட குண்டு. காட்டு இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களிடம் வந்தது என்று கார்பெட் எழுதினார். யாரோ ஒருவர் சில அங்குலம் தவறவிட்டார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது.

என் நண்பன் விஷயத்துக்கு வருகிறேன். போன சீசனில் விடியற்காலை, 90 கஜத்தில் ஒரு மான் வந்து நின்றதாம். புது பேரல், புது ட்ரிகர், எல்லாம் தயார். ஆனால் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. 'பக் ஃபீவர்' என்று அங்கே அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். தோட்டா பின்னால் தள்ளி வயிற்றில் பட்டுவிட்டது. சில மணி நேரம் காத்திருந்துவிட்டு, ரத்தச் சொட்டுகளைப் பின்தொடர்ந்து இருட்டும் வரை தேடியிருக்கிறான். ஓர் ஓடை வரைக்கும் தடம் இருந்தது. அதற்கப்புறம் இல்லை. மறுநாளும் போனான். கிடைக்கவில்லை.

"அது எங்க கிடந்து எவ்ளோ நேரம் துடிச்சுதோ தெரியலடா" என்றான். அதற்கப்புறம் இரண்டு வாரம் அவனிடமிருந்து போனே இல்லை.

இப்போது அந்த ஆயிரம் டாலர் துப்பாக்கி பீரோவில் இருக்கிறது. சின்ன பாயின்ட் 22 ரைஃபிள் ஒன்றை எடுத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் மைதானத்துக்குப் போகிறான். அதன் தோட்டா ஒன்றுக்குச் சில சென்ட்தான். மேஜை கிடையாது, மணல் மூட்டை கிடையாது. நின்றும் முழங்காலிட்டும் ஒரு காகிதத் தட்டைக் குறிவைக்கிறான். டிபன் சாப்பிடுகிற தட்டுதான், 9 அங்குலம். ஐம்பது கஜத்தில் ஆரம்பித்தபோது ஐந்துக்கு இரண்டு. போன வாரம் ஐந்துக்கு நாலு. இப்போதெல்லாம் தப்பின தோட்டாவோடு சேர்த்தே போட்டோ அனுப்புகிறான். நூறு கஜத்துக்கு எப்போது போவாய் என்று கேட்டிருக்கிறேன். "ஐந்துக்கு ஐந்து மூணு வாரம் வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று பதில் வந்தது.