சிரட்டையில் முளைத்த எழுத்து

2010ஆம் ஆண்டு. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள எங்கள் கிராமத்துக்குத் திரும்பிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கூரையில்லாத பாடசாலைக் கட்டடத்தின் அருகே ஒரு தறப்பாள் கொட்டில். அங்கே மூன்றாம் தரத்துக்குத் தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்தேன். என்னிடம் இருபத்தேழு பிள்ளைகள் இருந்தார்கள்.

அவர்கள் முதலாம் தரத்தில் சேர்ந்த 2008ஆம் ஆண்டிலேதான் எங்கள் பகுதி இடம்பெயர்ந்தது. அதன்பின் படிப்பு எங்கே நடந்தது? பாடப் புத்தகத்தை நான் உரத்து வாசிக்க, பிள்ளைகளும் என் பின்னால் சொன்னார்கள். மறுநாள் அதே சொல்லைக் கரும்பலகையில் எழுதினால் பேசாமல் இருந்தார்கள். ஆனால் வேலிக்கு அப்பால் மண்டையோட்டுப் படத்துடன் நின்ற சிவப்புப் பலகையைக் காட்டினால் "மிதிவெடி" என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். தங்கள் வாழ்க்கையோடு ஒட்டிய சொல் அவர்களுக்கு மறக்கவில்லை. அப்படியானால் நல்ல சொற்களையும் அவர்கள் கண்ணால் கண்டு, கையால் தொட்டுப் படிக்க வேண்டும் என்று எண்ணினேன்.

இது என்னுடைய கண்டுபிடிப்பு அல்ல. 1999ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், பாடங்களை ஒன்றிணைத்து, விளையாட்டும் செயற்பாடும் மூலம் கற்பிக்கவே சொல்கிறது. ஆனால் எங்களிடம் உபகரணம் எதுவும் இருக்கவில்லை.

ஆளுக்கு இரண்டு சிரட்டை கொண்டுவரச் சொன்னேன். மண் நிரப்பி, பயறு ஊன்றி, தண்ணீர் தெளித்தோம். ஒன்றை வெளிச்சத்தில் வைத்தோம். மற்றதைப் பானையால் மூடினோம். "எது உயரமாக வளரும்?" என்று கேட்டேன். வெளிச்சத்தில் இருப்பதுதான் என்றார்கள் எல்லோரும்.

ஐந்தாம் நாள் பானைகளைத் தூக்கினோம். மூடி வைத்த முளைதான் நெட்டையாக நின்றது. ஆனால் தண்டு வெளிறி, இலை மஞ்சளாகிக் கிடந்தது. அதுவரை வகுப்பில் வாய் திறக்காத ஒரு சிறுமி மெல்லச் சொன்னாள்: "ரீச்சர், இது வருத்தக்காரர் மாதிரி நிக்குது."

அந்த வசனத்தை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். அவள் அதைப் பார்த்துத் தன் கொப்பியில் எழுதினாள். அவள் சொன்னதை எல்லோரும் வாசித்தார்கள். பிறகு விளக்கம் சொன்னேன். இருட்டிலுள்ள முளை விதையில் இருக்கும் உணவைக்கொண்டு வெளிச்சம் தேடி நீளுகிறது. வெளிச்சம் படாததால் பச்சையம் உண்டாகவில்லை. உணவு முடிந்ததும் வாடிவிடும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஈர்க்கால் உயரம் அளந்து, செடியை வரைந்து, கீழே ஒரு வசனம் எழுதினோம். வர்ணப் பென்சில் இல்லை. இலைச்சாறு பச்சை நிறம் தந்தது, அடுப்புக்கரி கறுப்பு தந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்ததும் ஆலாத்தித் தட்டில் வருவதுபோலச் சிவப்பு வந்தது. ஏன் நிறம் மாறியது என்ற கேள்வியும் கூடவே வந்தது. தாள்களை நூலால் தைத்தபோது ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகம் இருந்தது.

ஒருநாள் அந்தச் சிறுமியின் தாய் கோபமாக வந்தார். கணவர் காணாமற்போனவர். "எழுத்துப் படிப்பிக்காமல் பயறு முளைக்க வைக்கிறியளாமே ரீச்சர்?" என்றார். நான் பதில் சொல்லாமல் மகளின் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, எட்டுப் பக்கமும் வாசித்தாள். தாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. போகும்போது கேட்டார்: "பயறு எண்டதில எது 'ப'?"

கணவரைத் தேடி அலைந்த இடங்களிலெல்லாம், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே படிவங்களில் கைநாட்டு வைத்தவர் அவர். மகளோடு இருந்து எழுதிப் பழகி, மறு வருடம் மாணவர் வரவுப் பதிவில் மகளின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். தன் பெயரையும் எழுதிக் காட்டினார்.

எல்லாப் பிள்ளைகளும் வாசிக்கப் பழகிவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். சிலருக்கு இன்னும் ஒரு வருடம் வேண்டியிருந்தது. இருவர் இடையில் நின்றுவிட்டார்கள். அந்தக் கவலை எனக்கு இன்றும் உண்டு.

வீட்டிலும் செய்யலாம்

சகோதரிகளே, உங்களுக்கு எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சமைக்கும்போது மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து காட்டுங்கள். முற்றத்தில் ஒரு விதை ஊன்றச் சொல்லுங்கள். "என்ன கண்டாய்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்வதை வரையவும் ஒரு வசனமாக எழுதவும் விடுங்கள். எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையை அன்றே திருத்தாதீர்கள். பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் இருந்து கேளுங்கள். அந்தத் தாயைப்போல, தெரியாத எழுத்தை நீங்களும் பிள்ளையிடம் கேட்கலாம்.